பல் நோயும் பொதுப் பணமும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பல்லைப் பற்றியதாகும். பல்லைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா, அதற்கு ஒரு மேடையா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். அவர்கள் தாராளமாய்ச் சிரிக்கட்டும். சிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பல்லையும் சற்றுப் பார்க்கட்டும். எத்தனை பேருக்குச் சொத்தை, எத்தனை பேருக்குக் கறை, எத்தனை பேருக்கு இடையிலே பல்லே இல்லை என்பது இங்கேயே தெரிந்துபோகும்.

பல் வலித்தால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "பல்லிலே பூச்சி விழுந்துவிட்டது" என்கிறார்கள். உடனே பூச்சி எடுக்கிறவனைத் தேடிப் போகிறார்கள். அவன் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலே போட்டு, அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொல்லி, கடைசியில் எதையோ காட்டி "இதோ பூச்சி" என்கிறான். அது பல்லிலிருந்துதான் வந்ததா என்று கேட்பவர் யாருமில்லை. இந்த மூடநம்பிக்கை நமக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. ஐரோப்பாவிலும் வெகுகாலம் இப்படியேதான் நம்பினார்கள். 1728இல் பியேர் ஃபோஷார் என்கிற பிரெஞ்சு பல் வைத்தியர், தாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பல்லில் புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். பிறகு மில்லர் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர், பெர்லின் நகரத்தில் ஆராய்ச்சி செய்து, 1890இல் உண்மையான காரணத்தை விளக்கினார். வாயில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நாம் தின்னும் இனிப்பையும் மாவையும் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சைக் கரைத்துக் குழியாக்குகிறது. இவ்வளவுதான் விஷயம். இதில் பூச்சியும் இல்லை, முன்ஜென்ம பாவமும் இல்லை.

காரணம் இன்னதென்று தெரிந்துவிட்டால், அதைத் தடுக்க வழியும் உண்டு என்றுதான் அர்த்தம். வழி உண்டானால் அதை யார் செய்வது, யார் பணத்தில் செய்வது என்பதே அடுத்த கேள்வி. அதைப் பற்றித்தான் நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தேன்.

"அவரவர் பல்லை அவரவர் துலக்கிக்கொண்டால் போதாதா? இதற்கு ஊர் வரிப்பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் 3 வயதுக் குழந்தை தானாகவே கடைக்குப் போய் பிரஷ் வாங்குமா? இங்கிலாந்தில் 2024இல் 5 வயதுக் குழந்தைகளின் பல்லைச் சோதித்துப் பார்த்தார்கள். மிகவும் ஏழ்மையான வட்டாரங்களில் 100க்குச் சுமார் 32 குழந்தைகளுக்குச் சொத்தை இருந்தது. வசதியான வட்டாரங்களில் 100க்குச் சுமார் 14 பேருக்கே இருந்தது. ஏழைக் குழந்தையின் பல் பிறவியிலேயே மட்டமான பல்லா? இல்லையே! அது பிறந்த வீடும் தெருவும்தானே வேறு? ஆகவே இதைத் தனி மனிதனுடைய சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

இனி, பணத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று புறப்பட்ட ஒரு நகரசபையின் கதையைக் கேளுங்கள். கனடா தேசத்தில் கால்கரி என்று ஒரு நகரம். அங்கே 1991 முதல் குடிதண்ணீரில் புளோரைடு என்னும் உப்பை மிகச் சிறு அளவில் கலந்துவந்தார்கள். அது பல்லின் மேல்பூச்சைக் கெட்டிப்படுத்தும். 2011இல் நகரசபையார் கூடி, இயந்திரங்களைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும், வருஷச் செலவும் ஆகிறது என்றெல்லாம் சொல்லி அதை நிறுத்திவிட்டார்கள். அதே மாகாணத்திலுள்ள எட்மண்டன் நகரமோ நிறுத்தவில்லை. பிறகு 2018, 2019இல் இரண்டு ஊர்களிலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். எட்மண்டனில் 100க்கு 55 பேருக்குச் சொத்தை. கால்கரியில் 100க்கு 65 பேருக்குச் சொத்தை. மயக்க மருந்து கொடுத்துப் பல் வைத்தியம் செய்யவேண்டிய குழந்தைகளும் கால்கரியில் அதிகமானார்கள். கடைசியில் 2021இல் ஜனங்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். 100க்கு 62 பேர் மறுபடியும் வேண்டும் என்றார்கள். 2025 ஜூன் 30ந் தேதிதான் அது திரும்பவும் ஆரம்பமாயிற்று. நகரசபைக் கணக்கில் மிச்சம் என்று எழுதிய பணத்தைக் குழந்தைகளின் பல்லும், தாய் தகப்பன்மாரின் மடியும் அல்லவா கட்டின?

தண்ணீர்தான் ஒரே வழி என்று நான் சொல்லவில்லை. புளோரைடு கலந்த பற்பசை எங்கும் பரவிவிட்ட பிறகு, தண்ணீரில் கலப்பதால் கிடைக்கும் பலன் முன்னைவிடக் குறைந்திருக்கிறது என்று 2024இல் வந்த ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு கூறுகிறது. அறிவுள்ளவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். வேறு வழியை ஸ்காட்லாந்தில் பார்க்கலாம். அங்கே சிறு குழந்தைகளின் பள்ளிகளில் ஆசிரியைகளே பக்கத்தில் நின்று, தினமும் புளோரைடு பசையால் பல் துலக்க வைக்கிறார்கள். இதற்கு அந்தக் காலத்தில் வருஷத்திற்குச் சுமார் 17½ லட்சம் பவுன் செலவாயிற்று. 5 வயதுக் குழந்தைகளின் பல் வைத்தியத்திற்கு 2001-02இல் சுமார் 88 லட்சம் பவுன் ஆகும் என்ற கணக்கு, 2009-10இல் சுமார் 40 லட்சமாகக் குறைந்தது. எந்தச் செட்டியாரிடம் காட்டினாலும் இதை லாபக் கணக்கு என்றுதான் சொல்லுவார்.

இங்கிலாந்தில் 2013 முதல் இந்தப் பொறுப்பு அந்தந்த ஊர் ஸ்தல ஸ்தாபனங்களுக்கே சட்டப்படி கொடுக்கப்பட்டது. பொறுப்பைக் கொடுத்த சர்க்கார், பிறகு சுகாதார மானியத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கையில் காசில்லாத சபை எதை முதலில் வெட்டும்? அழாததை வெட்டும். நாளைக்கு வரப்போகும் பல்வலி இன்றைக்கு அழாதல்லவா? 2025இல்தான் ஏழை வட்டாரங்களின் குழந்தைகளுக்குப் பல் துலக்கும் திட்டத்திற்கென்று 1 கோடியே 10 லட்சம் பவுன் தனியாக ஒதுக்கினார்கள். ஆகையால் பொறுப்பு மாத்திரம் போதாது. அந்தக் காரியத்திற்கென்றே எடுத்துவைத்த பணமும் வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நம் ஊர்த் தண்ணீரிலும் புளோரைடு கலந்துவிடலாம் என்று யாரும் அவசரப்படக் கூடாது. சீமையில் செய்தார்கள் என்பதற்காகச் செய்வதும், தாத்தா செய்தார் என்பதற்காகச் செய்வதும் ஒன்றுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் பல கிராமங்களின் நிலத்தடித் தண்ணீரில் பாறையிலிருந்தே புளோரைடு மிதமிஞ்சிக் கலந்திருந்தது. அளவோடு பல்லைக் காக்கும் அதே பொருள், அளவு மீறினால் பல்லில் பழுப்புக் கறையை உண்டாக்கி எலும்பையும் வளைத்துவிடும். அதற்காகத்தான் ஜப்பானியக் கடன் பெற்று, ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்தை 2013இல் திறந்தார்கள். ஓரிடத்தில் கலக்கப் பணம் வேண்டும். மற்றோரிடத்தில் நீக்கப் பணம் வேண்டும். எது வேண்டும் என்பதை அந்தந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

தோழர்களே! சுகாதாரம் என்பது பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் உரிய காரியங்களில் ஒன்று என்று, 1992இல் செய்த திருத்தங்களால் நமது அரசியல் சட்டத்தின் 11, 12ஆவது அட்டவணைகளிலேயே எழுதியிருக்கிறது. பல் என்பது சுகாதாரத்தில் சேராதா? ஆதலால் அடுத்த கிராம சபையில் நீங்கள் எழுந்து மூன்று காரியங்களைக் கேட்க வேண்டும். முதலாவது, நம் ஊர்க் குடிதண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைச் சாலைக்கு அனுப்பி, புளோரைடு எவ்வளவு என்று தெரிந்து எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டவேண்டும். இரண்டாவது, தண்ணீரில் அது மிகுதியாய் இருந்தால் வேறு தண்ணீருக்கு வழி செய்யவேண்டும். மூன்றாவது, அங்கன்வாடியில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பிரஷ்ஷும், வேளைக்குப் பட்டாணி அளவு பசையும், துலக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் ஏற்பாடு செய்து, அதற்கு வருஷா வருஷம் இவ்வளவு என்று பணம் ஒதுக்கித் தீர்மானம் போடவேண்டும். தண்ணீர்ச் சோதனை முடிந்த பிறகே பசையின் அளவை டாக்டரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

பணமில்லை என்று சொல்வார்கள். போன வருஷத்துச் செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். எதற்கெல்லாம் பணம் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போனதும் உங்கள் குழந்தையின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பார்த்த பிறகு நான் சொன்னது சரியென்று பட்டால், கிராம சபைக்குத் தவறாமல் போய்க் கேளுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.