மயானத்தில் தொடங்கும் முனைவர் பட்டம்



புதுச்சேரியில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவில் அடுத்து எழும் கேள்வி, "கருவடிக்குப்பத்துக்கு எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்பதுதான். நகரத்துப் பலருக்கு அந்த ஊர்ப்பெயர் மயானத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அதே கருவடிக்குப்பத்தில்தான் 1837இல் சமாதியடைந்த சித்தானந்த சுவாமிகளின் கோயிலும் இருக்கிறது. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதி வந்துபோன கோயில் அது. சாவும் வழிபாடும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊரிலிருந்து இன்றைய பொருளைத் தொடங்குவது பொருத்தம். நடைமுறை இறையியல், அதிலும் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்யும் முனைவர் பட்ட ஆய்வு.

கருவடிக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், செயின்ட் லூயி வீதியில், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே 8,000க்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் உள்ளன. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. இந்த நிறுவனம் வெளியிட்ட நூல்களில் ஒன்று, 11ஆம் நூற்றாண்டுச் சைவக் கிரியை நூலான சோமசம்பு பத்ததி. எலன் புரூன்னர் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைப் பதிப்பித்து மொழிபெயர்த்தார். முதல் தொகுதி 1963இல் வந்தது, நான்காம் தொகுதி 1998இல். 1977இல் வந்த மூன்றாம் தொகுதியில் இறுதிக் கிரியையான அந்தியேட்டியும் சிராத்தமும் விரிவாக இடம்பெறுகின்றன. ஒரே நூலுக்காக முப்பத்தைந்து ஆண்டுகள்! அந்த உழைப்பை வணங்காமல் மேலே பேச முடியாது.

இறந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த நூல் சொல்லும். மயானத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. ஒரே மகள் மட்டும் இருக்கும் வீட்டில் கொள்ளி வைப்பது யார்? மகன் வெளிநாட்டில் இருந்து கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் அந்தச் சடங்கில் கலந்துகொண்டவன்தானா? நாள் முழுக்கப் பிணங்களோடு வேலை செய்யும் தொழிலாளி எந்தச் சாமியை எப்படிக் கும்பிடுகிறார்? நடைமுறை இறையியல் இந்தக் கேள்விகளிலிருந்து புறப்பட்டு, பிறகுதான் நூலகத்துக்குப் போகிறது.

2020 ஜூனில், கொரோனாவில் இறந்த ஒருவரின் உடலைப் பணியாளர்கள் குழிக்குள் வீசும் காணொளி புதுச்சேரியிலிருந்து வெளிவந்து நாட்டையே உலுக்கியது. விசாரணை நடந்தது. ஆனால் விசாரணை தொடாத பகுதி ஒன்று உண்டு. கவச உடைக்குள் வியர்த்து, தொற்றிவிடுமோ என்று நடுங்கிய அந்தக் கைகளுக்கு இறந்தவரின் மரியாதை எப்படி மறந்துபோனது? அதே காலத்தில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்கள் தமிழ்நாட்டில் பல மதத்தவரின் உடல்களை அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்களே, அந்தத் துணிவு எந்த நம்பிக்கையிலிருந்து வந்தது? இவற்றுக்கு விடை தேடத் தகுந்தவர் அந்த நாட்களில் பிணவறையிலோ ஆம்புலன்சிலோ நின்றவர். கோரிமேட்டு மருத்துவமனையில் நைட் டூட்டி பார்த்த செவிலியராக இருக்கலாம். வேலையை விட்டுவிட்டு வந்து படி என்று அவரிடம் சொன்னால் சம்பளம் போகும். ஆய்வுக்களமும் அதோடு போய்விடும்.

வேலையில் இருந்தபடியே இப்படி ஆய்வு செய்ய வெளிநாடுகளில் வழி வகுத்திருக்கிறார்கள். ஜெர்மானிய இறையியலாளர் ஷ்லையர்மாகர் 1811இலேயே நடைமுறை இறையியலுக்குப் பல்கலைக்கழகத்தில் உரிய இடம் கேட்டார். பெல்ஜியத்தின் பாதிரியார் கார்டைன், இளம் தொழிலாளர்களுக்கு மூன்று படிகளைக் கற்றுக்கொடுத்தார்: பார், சீர்தூக்கு, செயல்படு. 1961இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானின் சுற்றுமடல் அந்த முறையை ஏற்றுக்கொண்டது. இன்று பிரிட்டனில் பர்மிங்காம், செஸ்டர் போன்ற பல்கலைக்கழகங்களில் போதகர்கள், மருத்துவமனை ஆன்மிகப் பணியாளர்கள், ஆசிரியர்கள் பணியில் இருந்தபடியே இத்துறையில் ஆய்வு செய்கிறார்கள்.

நம் பக்கமும் வெறுங்கையாக இல்லை. இங்கே வந்து சேர்ந்த ஒரு முறை தொலைவில் தொடங்கியது: 1963இல் குவாத்தமாலாவில் ஓர் இறையியல் கல்லூரி ஓர் உண்மையைக் கண்டுகொண்டது. கிராமச் சபைகளை உண்மையில் நடத்துகிறவர்கள் குடும்பமும் நிலமும் உள்ள உழைப்பாளிகள். அவர்களால் விடுதிக்கு வந்து படிக்க முடியாது. அதனால் ஆசிரியர்களே அவர்களைத் தேடிப் போனார்கள். அந்த முறையைப் பின்பற்றி 1971இல் பெங்களூரில் டாஃப்டி என்ற இறையியல் விரிவாக்கக் கல்வி அமைப்பு தொடங்கப்பட்டது. சைவத்தில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சி வகுப்புகள் பல ஊர்களில் மாதந்தோறும் விடுமுறை நாளில் நடக்கின்றன.

இவற்றில் தனித்து நிற்பது மதுரை அரசரடி. அங்கே 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தமிழிலேயே இறையியல் கற்பித்தது. மாணவர்களை வளாகத்துக்கு வெளியே குடிசைப்பகுதிகளுக்கும் கிராமங்களுக்கும் அனுப்பியது. அங்கே பணியாற்றி 2005இல் மறைந்த மாணவர்கள் 'பரட்டை' என்று அழைத்த தியோபிலஸ் அப்பாவு, தலித் மக்களின் நாட்டுப்புற இசையையே வழிபாட்டு இசையாக்கினார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பது அவருக்கு இறையியலின் மையக் கருத்து. கோட்பாடு அடுப்படியிலிருந்து பிறக்கும் என்று காட்டியவர் அவர். அவருடைய இசையைப் பற்றி அமெரிக்க இசையியலாளர் சோயி ஷெரினியன் 2014இல் ஒரு முழு நூலே எழுதினார். அந்த வேலை தமிழில் நம்மவரால் நடந்திருக்க வேண்டாமா?

சட்டம் இப்போது குறுக்கே நிற்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வை அனுமதிக்கின்றன. குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவால் இன்னும் 2 ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் சலுகை உண்டு. தொலைநிலையில் முனைவர் பட்டம் கிடையாது. பணியிடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும்: ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், பாடவகுப்புக்குத் தேவைப்பட்டால் விடுவிப்போம் என்று நிர்வாகம் எழுதித் தர வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், இசுலாம், சமணம் எல்லாவற்றுக்கும் தனித்தனியே துறையோ மையமோ இருக்கிறது. ஆனால் செவிலியரின் கேள்வியை ஏற்று, "உங்கள் வார்டையே ஆய்வு செய்யுங்கள்" என்று சொல்லும் நெறியாளர் கிடைப்பதுதான் அரிது.

கிடைத்தாலும் கடினமான ஒன்று பாக்கி இருக்கிறது. தன் வார்டைப் பற்றி எழுதுகிறவர் நோயாளி நம்பிச் சொன்னதைக் காப்பாற்ற வேண்டும். உடன் வேலை செய்கிறவரின் தவறு அடையாளம் தெரியும்படி அச்சில் வந்துவிடக் கூடாது. மேலதிகாரிக்குப் பிடிக்காத உண்மையை மென்று விழுங்கவும் கூடாது. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி தராமல் ஒரு நேர்காணல்கூட எடுக்கக் கூடாது. தன் பக்தியையும் சந்தேகத்தையும் மறைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுத வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இவ்வளவு சுமை இல்லை.

இப்படி எழுதப்படும் ஆய்வேடு தமிழிலும் வர வேண்டும். ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் ஐம்பது பக்கச் சுருக்கமாவது தமிழில் அச்சாகி, தகவல் தந்த மயானத் தொழிலாளர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவர்கள் அதைப் படித்து, "இந்த இடத்தில் நீங்க எழுதினது சரியில்லீங்க" என்று சொன்னால், அந்தத் திருத்தமும் அடுத்த பதிப்பில் ஏற வேண்டும்.