'நாங்கள்' 'நாம்' ஆகும் பொழுது



சங்கங்களில் புதிய உறுப்பினரை வரவேற்கும் மொழி குறித்து உரையாற்றப் பணித்துள்ளீர்கள். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இதனை இலக்கணத்தின் வழியே அணுக விரும்புகிறேன்.

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்பவரையும் உட்படுத்துவது 'நாம்'. அவரை நீக்கி நிற்பது 'நாங்கள்'. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். மலாய் மொழியிலும் 'கித்தா', 'காமி' என இவ்வேறுபாடு உண்டு என்பதை இங்குள்ளோர் நன்கறிவர். நன்னூலார் வினை விகுதிகளிலும் இதனைக் காட்டுகிறார். அம், ஆம் ஆகியவை முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் ஆகியவை படர்க்கையாரையும் தன்னோடு சேர்ப்பன. இக்காலத்திலோ ஓம் விகுதி இரண்டிற்கும் பொதுவாகிவிட்டது. 'ஆண்டுதோறும் விழா நடத்துகிறோம்' என்றால், புதியவர் அதில் அடங்குவாரா என்பதை வினை உணர்த்தாது, எழுவாயே உணர்த்தும்.

'நாங்கள் உங்களை வரவேற்கிறோம்' என்பது பிழையற்ற தொடர். வரவேற்பவர் வேறு, வருபவர் வேறு அன்றோ? ஆனால், வரவேற்பு முடிந்த பின்னும் 'நாங்கள்' தொடர்ந்தால், வந்தவர் விருந்தினராகவே இருந்துவிடுகிறார்.

இளமையில் நான் ஒரு சங்கத்தில் சேர்ந்தேன். அறிமுகக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் 'எங்கள் சங்கம்', 'எங்கள் சாதனை' என்றே உரை நிகழ்ந்தது. மாலையும் விதிநூலும் கிடைத்தன. என்னுடன் சேர்ந்த ஐவரில் மூவர் மறுகூட்டத்திற்கு வரவில்லை. நானும் விலக எண்ணியிருந்தேன். அன்று மூத்த உறுப்பினர் ஒருவர் சாவியை என் கையில் வைத்து, "தம்பி, நம் நூலக அலமாரியைப் பூட்டிவிட்டு வாருங்கள்" என்றார். 'நம்' என்ற அந்த ஒரு சொல்லால் நான் உறுப்பினன் ஆனேன்.

இன்னொரு தடையும் உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதைக் குழூஉக்குறிக்குச் சான்றாகக் காட்டுவர். ஒவ்வொரு சங்கத்திற்கும் இத்தகைய சொற்கள் உள்ளன. பழைய விழாக்களின் செல்லப் பெயர்கள், குழுக்களின் சுருக்கப் பெயர்கள், உறுப்பினர் மட்டுமே அறிந்த நகைச்சுவைகள் எனப் பலவாகும். அவை உறவின் அடையாளங்கள். பொருள் அறியாதவர்க்கோ பூட்டிய கதவுகள். முதல் நாளிலேயே அவற்றை விளக்கும் ஒருவரைப் புதியவர்க்குத் துணையாக அமர்த்துவது நன்று.

1905ஆம் ஆண்டு சிகாகோ நகரில் வழக்கறிஞர் பால் ஹாரிசும் மூவரும் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கினர். உறுப்பினர் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழற்சியாகக் கூடியதாலேயே அப்பெயர் அமைந்தது. இன்று விருந்தினராய் அமர்ந்தவர் நாளை தம் இடத்தில் பிறரை வரவேற்பார். சிங்கப்பூரில் 1930இல் ரோட்டரி சங்கம் தோன்றியது. சுழற்சி என்னும் அக்கருத்து எல்லாச் சங்கங்கட்கும் பொருந்தும். புதியவர்க்குச் சிறு பொறுப்பேனும் விரைவில் தருக. அடுத்து வருபவரை அவரே வரவேற்கட்டும்.

புதிய உறுப்பினர்களே, உங்கட்கும் ஒரு வேண்டுகோள். 'நீங்கள் நடத்தும் விழா' என்று கூறுவதை நிறுத்தி, 'நம் விழா' எனத் துணிந்து கூறுங்கள். அழைப்புக்காகக் காத்திராமல் நாற்காலிகளை அடுக்க வாருங்கள். உளப்பாடு இருபுறமும் நிகழ வேண்டியதாகும்.

இந்த வேறுபாட்டை நம் மொழி நெடுங்காலமாகக் காத்து வந்துள்ளது. நம் சங்கங்களும் அதனைப் பயன்கொள்ளட்டும்.