கூடு விட்டுக் கூடு பாயும் வண்டிகள்



பழைய யாப்பு புதிய கருத்தைத் தாங்குமா என்னும் வினா, இவ்வட்டம் தோன்றிய நாள்தொட்டு இப்பத்தாண்டுகளும் நம்மிடையே ஓயாது ஒலித்து வருகின்றது. மரபு போற்றுவோர் ஒருபுறமும் புதுக்கவிதை எழுதுவோர் மறுபுறமுமாக நின்று வழக்காடியிருக்கின்றனர். இன்று இலக்கண நூல்களைச் சற்றே மூடிவைத்துவிட்டு, இங்கிலாந்தில் மாதிரித் தொடர்வண்டி செய்து மகிழ்வோரின் மேசைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

கையகல மாதிரி இன்ஜின் ஒன்று இரு கூறுகளால் ஆனது. கீழே இருப்பது அடிச்சட்டம். மோட்டார், பல்சக்கரம், உருளைகள், தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தை வாங்கும் தகடுகள் ஆகியவை அதில் அடங்கும். மேலே இருப்பது கூடு. கொதிகலன், புகைபோக்கி, ஓட்டுநர் அறை, வண்ணம், எண் எனக் கண்ணுக்குப் புலனாகும் அழகெல்லாம் கூட்டின் பாற்பட்டவை. ஒன்றிரண்டு திருகாணிகளைக் கழற்றினால் கூடு தனியே வந்துவிடும். கூடின்றியும் அடிச்சட்டம் ஓடும். அடிச்சட்டமின்றிக் கூடு அசையாது. மெய் இயங்குதற்கு அகரம் துணையாக வேண்டும் என்று வகுத்த தொல்காப்பியரின் மரபில் வந்த நமக்கு இஃது எளிதில் விளங்கும்.

ஒரு வண்டியின் கூட்டை மற்றொன்றின் அடிச்சட்டத்தில் பொருத்துவது அவர்களிடையே நெடுநாளைய கலை. மோட்டார் தேய்ந்த வண்டியின் அழகிய கூட்டைக் காப்பதற்காகச் சிலர் செய்வர். கடையில் கிடைக்காத இன்ஜினைப் படைப்பதற்காகச் சிலர் செய்வர். 1959இல் கிட்மாஸ்டர் என்னும் பெயரில் மோட்டார் இல்லாத பிளாஸ்டிக் இன்ஜின் தொகுப்புகள் விற்பனைக்கு வந்தன. காட்சிக்கென வந்த அவற்றை ஆர்வலர்கள் வேறு வண்டிகளின் அடிச்சட்டத்தில் ஏற்றி ஓடவிட்டனர். குறும்பாதை வண்டி செய்வோர் இன்னும் துணிந்தவர்கள். 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் சிற்றளவு இன்ஜினின் அடிச்சட்டத்தை எடுத்து, அடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் பெரிய அளவில் செய்த கூட்டை அதன்மேல் வைப்பர். அப்போது அந்த 9 மில்லிமீட்டர், 2 அடி 3 அங்குலப் பாதையாகிவிடுகிறது. உருளையும் பாதையும் மாறவில்லை. மேலே வைத்த கூடு அவற்றின் பொருளையே மாற்றிவிட்டது.

கிளிக்கண்ணியில் பாரதியார் செய்தது இதனின் வேறன்று. கிளியை விளித்துப் பாடும் பழைய மெட்டில், வாய்ச்சொல்லில் மட்டும் வீரம் காட்டிய போலிச் சுதேசிகளை ஏற்றினார். ஓட்டம் பழையது, ஊர்ந்து வந்த உருவம் புதியது.

ஆயினும் எக்கூடும் எச்சட்டத்திற்கும் பொருந்திவிடாது. உருளைகளின் இடைவெளி ஒத்துவர வேண்டும். இல்லையேல் கூட்டில் உள்ள உருளைக் காப்பு ஓரிடத்திலும் உருளை வேறிடத்திலுமாக நிற்கும். மோட்டார் அமர இடம் போதாவிடில் கூட்டின் உட்புறத்தை அரத்தால் தேய்ப்பர். அளவு மீறினால் புறத்தே ஓட்டை விழும். உலோகக் கூடு இருபுற மின்தகடுகளையும் ஒருங்கே தீண்டினால் மின்குறுக்கு ஏற்பட்டு வண்டி நின்றுவிடும். நம் வெண்பாக்களில் சீர் நிரப்பச் சேர்க்கும் வெற்று அசைகளையும், தளைக்காகத் தேய்த்துப் பொருள் ஓட்டையான சொற்களையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன்.

இன்னொரு செய்தியும் கருதற்குரியது. ஐரோப்பாவில் 16.5 மில்லிமீட்டர் பாதைக்கு, அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்பது அளவு. பிரித்தானிய இன்ஜின்கள் இயல்பிலேயே சிறியவை. அவ்வளவில் செய்த கூட்டிற்குள் அக்கால மோட்டார் அடங்கவில்லை. ஆகவே பாதையை அப்படியே வைத்துக்கொண்டு, கூட்டை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெருக்கினர். 4 அடி 8½ அங்குலமாக இருக்கவேண்டிய பாதை, இக்கணக்கில் 4 அடி 1½ அங்குலமாகக் குறுகிற்று. 1938இல் ஹார்ன்பி டப்ளோ வண்டிகள் வெளிவந்ததும் இவ்வளவில்தான். இக்குறை அறிந்தே இன்றளவும் பெரும்பாலோர் அதனை ஏற்று மகிழ்கின்றனர். உயிருக்கு இடந்தர மெய் பெருத்த கதை இது. யாப்பிலும் இத்தகைய உடன்பாடுகள் உண்டு. அவற்றை அறிந்து செய்பவரே பாவலர். அறியாது செய்தால் அது பிழை.

வடிவம் என்பது ஓடு, கருத்து என்பது உயிர் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மேசையோ மாறாகக் கூறுகின்றது. இயங்குவது ஓசை, அதன்மேல் அமர்வதே சொல்லும் பொருளும். புதுக்கவிதை எழுதும் இளையோர்க்கும் இது பொருந்தும். யாப்பைத் துறந்தவர் அடிச்சட்டத்தையே துறந்தவராகார். மூச்சின் ஏற்ற இறக்கத்தால் அவர் தமக்கெனச் சட்டம் ஒன்றைச் செய்தாக வேண்டும். செய்யாவிடில் கூடு அலமாரியில் அழகாக இருக்கும், ஓடாது.

திருமூலர் வரலாறு நாம் அறிந்ததே. மூலன் என்னும் இடையன் உடலில் அவர் புகுந்தெழுந்தபோது பசுக்கள் மகிழ்ந்தன. மனைவியோ அவரிடம் தோன்றிய வேறுபாட்டை உணர்ந்தாள். நல்ல வாசகர் அம்மனைவி போன்றவர். உருவம் கண்டு மயங்கார், இயக்கம் கண்டு தெளிவார்.

கூடு மாற்றுவோரிடம் ஓர் அறமும் உண்டு. இரு வண்டிகளிலிருந்து ஒன்று பிறந்தால், ஒரு கூடும் ஒரு சட்டமும் எஞ்சும். பொறுப்புடையோர் அவற்றை வீசிவிடார். என்றேனும் பழைய இணைப்புக்கு மீளக்கூடும் என்று பெட்டியில் காத்துவைப்பர். நம் பழைய இசைப்பாட்டு நூல்களில் பாடலின் தலைப்பில் இன்ன பாட்டின் மெட்டு என்று குறித்ததும் இவ்வறமே. மெட்டை எடுத்தாள்வோர் மூலத்தை மறைக்கலாகாது. மூலத்தை மறக்கவும் ஆகாது.

வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றேன். மரபுப் பாவலர் ஒருவரும் புதுக்கவிஞர் ஒருவருமாக இணைந்து, ஒருவர் கருத்தை மற்றவர் வடிவில் எழுதிப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கூட்டை ஏற்றுமுன் வெறும் அடிச்சட்டத்தைத் தண்டவாளத்தில் வைத்து முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். நீங்களும் சொல்லேதும் இடாமல், தன்னானே என்று மட்டும் இசைத்துப் பாருங்கள். அது தடையின்றி ஓடினால், பிறகு கூட்டை ஏற்றலாம்.