பள்ளிக்கூடப் பாதையில் நம் பொறுப்பு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



காலை மதரஸாவை முடித்துவிட்டு நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில், மாலையில் அவர்கள் வீடு திரும்பும்வரை பெற்றோரின் உள்ளத்தில் ஓர் அச்சம் குடியிருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடை வழியாகத் தேங்காப்பட்டணம் செல்லும் சாலை குறுகலானது. ஏற்ற இறக்கமும் வளைவும் நிறைந்தது. பேருந்துகளும் பாரம் ஏற்றிய லாரிகளும் ஓடும் அதே சாலையில்தான் நம் பிள்ளைகளும் செல்கின்றனர்.

தந்தையர் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். வீட்டிலிருக்கும் தாய் என்ன செய்வார்? பிள்ளைகளை நெருக்கி அடைத்துச் செல்லும் ஆட்டோவில் ஏற்றிவிடுகிறார். அல்லது பதினான்கு வயது மகனிடம் பைக் சாவியைக் கொடுத்துவிடுகிறார். சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டென 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கூறுகிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம், அமானிதமாகப் பெற்ற பிள்ளையை இழந்தால் எதைக் கொண்டு ஈடுசெய்வது?

பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் சைக்கிள்கள் நம் வீடுகள் பலவற்றில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பிள்ளைகள் தனித்தனியே செல்ல அஞ்சுகின்றனர். எனவே, அவர்கள் கூட்டமாகச் செல்லட்டும் என்கிறோம். மூவர் பயணம் புறப்பட்டாலும் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள்.

இது புதுமையன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் கூட்டமாகக் கற்றதால் ஏளனம் தோற்றது. 2021இல் ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் பெற்றோர் வெள்ளிக்கிழமை காலைகளில் பிள்ளைகளைச் சைக்கிள் அணியாகப் பள்ளிக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினர். பேருந்து நிறுத்தங்களில் பயணிகள் ஏறுவதுபோல் வழியெங்கும் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டனர்.

முன்பு ஒரு தாய், தம் மகள் சைக்கிளில் செல்லலாமா என்று நம்மிடம் வினவியபோது நாம் தெளிவான பதில் கூறாது நழுவினோம். அம்மாணவி பள்ளிக்குச் செல்வது அடிக்கடி தடைப்பட்டது. அந்த மௌனத்திற்காக இன்று வருந்துகிறோம்.

செய்ய வேண்டியவை எளியவை. அணியின் முன்னே ஒரு பெரியவர், பின்னே ஒரு பெரியவர். மிக மெதுவாகச் செல்லும் பிள்ளையின் வேகமே அனைவரின் வேகம். சாலையின் இடப்புறம் ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் இறங்கி உருட்ட வேண்டும். வாரம் ஒருமுறை பிரேக், மணி, சங்கிலி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நீண்ட ஆடை அணியும் மாணவியரின் சைக்கிளுக்குச் சங்கிலி மூடி கட்டாயம். நமக்கு இரு பருவமழையும் உண்டு; கனமழை நாளில் அணி புறப்படலாகாது.

நாம் கேட்பது நன்கொடையன்று. காலையில் அரைமணி நேரம், மாலையில் அரைமணி நேரம். வளைகுடாவிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பிய சகோதரர்கள் பத்துப் பேர் முறைவைத்து முன்வந்தால் ஒரு பாதையில் தொடங்கிவிடலாம். பெயர் கொடுப்போருக்காகப் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஏடு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. முதல் பெயராக நம் பெயரை எழுதிவிட்டோம்.

நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.