பழைய ஹெட்ஃபோனும் இடது காதும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அயர்லாந்தில் இப்போது பிற்பகல் நாலு மணி. கனடா நண்பர்களுக்குக் காலை. சிங்கப்பூரில் நள்ளிரவு நெருங்கியும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

இந்த மாதத் தலைப்பு ‘கேட்டல்’. திருக்குறளில் இதற்கென்றே கேள்வி என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 42ஆவது. அதைப் பற்றிப் பேசத் தகுதியானவர்கள் எனக்குப் பிறகு வருகிறார்கள். நான் நாகர்கோவிலில் நர்சிங் டிப்ளமா முடித்து, இருபது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவள். எனக்குத் தெரிந்த ஒரு பழைய கருவியைப் பற்றியும், அதை வைத்து நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு கிறுக்கு, பாட்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானிலிருந்து ஒரு பழைய ஹெட்ஃபோனை வரவழைத்தார். ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-லாம்டா. 1979-ல் வந்த மாடல். பெட்டியைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு. காதுக்கு இரண்டு பக்கமும் சின்ன ஜன்னல் கம்பியை மாட்டினது போல நீள்சதுரமாக இருந்தது. அந்தக் கம்பெனி 1960-லேயே இந்த வகை ஹெட்ஃபோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவர்கள் அதை ஹெட்ஃபோன் என்று சொல்வதில்லை, இயர்ஸ்பீக்கர் என்பார்கள்.

இதன் பெயர் எலக்ட்ரோஸ்டாட்டிக், நிலைமின் ஹெட்ஃபோன். சாதாரண ஹெட்ஃபோனில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. துளையிட்ட இரண்டு உலோகத் தட்டுகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம், அவ்வளவுதான். படலத்தின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். நம் செவிப்பறையே ஏறத்தாழ 100 மைக்ரான் இருக்கும் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் படலத்தில் 230 வோல்ட் மின்னழுத்தம் நிலையாக நிற்கும். பாட்டின் மின்னலை இரண்டு தட்டுகளுக்கும் எதிரெதிராகப் போகும். ஒரு தட்டு இழுக்கும்போது மறு தட்டு தள்ளும். படலம் முழுப்பரப்பும் ஒன்றாக அசையும். எடையே இல்லாத பொருள் அசைவதால் வீணையில் விரல் நரம்பை விட்டு விலகுகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்கும். இளையராஜாவின் 1986-ஆம் வருஷத்து ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பை முதல் நாள் எனக்குப் போட்டுக் காட்டினார். எத்தனையோ தரம் கேட்ட வயலின்தான். வாசிக்கிறவர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார் என்று தோன்றியது.

இதைச் சாதாரண ஓட்டையில் செருக முடியாது. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்து எஸ்ஆர்டி-7 என்ற பெட்டிக்கு வயர் போகும், அங்கிருந்து ஹெட்ஃபோனுக்கு. எங்கள் பெட்டி ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே சுவரில் வருவது 230. நடுவில் மின்னழுத்தம் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் பெட்டியின் கதை முடிந்தது.

இந்த மாதிரிக் கருவி வைத்திருக்கிற ஒன்றிரண்டு பேர் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அவர்களுக்காகப் பராமரிப்பைச் சொல்லிவிடுகிறேன்.

செருகியில் ஆறு முள் இருந்தால் 230 வோல்ட், ஐந்து முள் இருந்தால் 580 வோல்ட். ஆறு முள் உள்ளதை முள் வெட்டித் திருத்தி 580-ல் மாட்ட நினைக்காதீர்கள். சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்துவிட்டுத்தான் செருக வேண்டும், கழற்ற வேண்டும். மின்சாரம் போட்டதும் படலத்தில் மின்னேற்றம் நிறைய சில நிமிஷம் பிடிக்கும், அதுவரை பொறுங்கள். காதோடு வைத்து அமுக்காதீர்கள். உள்ளே காற்று நெருக்கிப் படலம் தட்டில் போய் ஒட்டும். கேட்டு முடித்ததும் துணியாலோ பையாலோ மூடி வையுங்கள். ஒரு தூசி, ஒரு முடித்துணுக்கு உள்ளே போனால் பொரிகிற சத்தம் கேட்கும். அதை எடுக்கிறேன் என்று அழுத்தக் காற்றை அடித்தால் படலம் கிழியும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு விதி உண்டு. தலைக்குக் குளித்த ஈரத்தோடு இதை மாட்டக் கூடாது. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடும் கூடாது. எண்ணெய் காதுமெத்தையில் ஏறிவிட்டால் போகாது.

கடைசியாக ஒன்று. அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்தின பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர் மின்னேற்றத்தை வைத்துக்கொண்டிருக்கலாம். வார்டில் டிஃபிப்ரிலேட்டரைக் கையாண்டவளுக்குக் கெப்பாசிட்டர் மேல் ஒரு மரியாதை தானாகவே வந்துவிடும்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் மேற்குக் கரைப்பக்கம். மழைக்கென்று தனிக் காலம் இங்கே கிடையாது. வாங்கின முதல் குளிர்காலத்திலேயே அவர், “எடது பக்கம் கொறஞ்சு கேக்குது” என்றார். நான் சொன்னேன், “ஹெட்ஃபோனைத் திருப்பிப் போடுங்க. எடதை வலது காதுல வைங்க.” திருப்பிப் போட்டார். இப்போது வலது காதில் குறைவாகக் கேட்டது. ஆக, குறை ஹெட்ஃபோனில். இந்த வகைக் கருவிக்கு ஈரம் ஆகாது. படலத்தில் மின்னேற்றம் நிற்காமல் கசிந்துவிடும், சத்தம் ஒரு பக்கம் தாழும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் வைத்தேன். வெயிலிலோ ஹீட்டர் மேலோ வைக்கவில்லை, அது பசையை இளக்கிவிடும். ஒரு வாரத்தில் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. எனக்குப் பெருமை. சபையில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் அதே சொல். “எடது பக்கம் மறுபடியும் கொறஞ்சிட்டு, பாத்துக்க.”

எனக்குத்தான் நோய் தெரியுமே! டப்பாவை எடுத்தேன், சிலிக்கா ஜெல் போட்டேன். ஒரு வாரம். கொஞ்சம் பரவாயில்லை என்றார். அடுத்த மாதம் மறுபடியும் சொன்னார். காதுமெத்தைக்குப் பின்னால் இருந்த ஸ்பாஞ்சு பொடிந்து போயிருந்தது, அதை மாற்றினேன். ஸ்பீக்கர் வயர்களை மாற்றினேன். பெட்டியைப் பழுதுபார்க்க அனுப்பினோம், ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. இப்படியே ஐந்து மாதம். இதற்கிடையில் அவர் போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் என் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தார், வலது காது என் பக்கம் வரும்படி. அதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் ஒன்றோடொன்று சேர்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அவர் தூங்கும்போது நானே ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். இரண்டு பக்கமும் அச்சாக ஒரே அளவு. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அவரை எழுப்பி, மாட்டிவிட்டு, திருப்பிப் போடச் சொன்னேன். திருப்பின பிறகும் அவர் கை இடது காதைத்தான் தொட்டது.

முதல் தடவை அரை நிமிஷத்தில் செய்த சோதனை. இரண்டாம் தடவை ஐந்து மாதம் செய்யவில்லை. ஏன் என்றால் எனக்கு விடை தெரியும் என்று நினைத்தேன். நேற்றைய நாடித்துடிப்பை இன்றைய சார்ட்டில் எழுதுகிற நர்சை நான் எத்தனை தரம் கண்டித்திருக்கிறேன்! படிக்கும்போது எங்கள் சிஸ்டர் டியூட்டர் சொல்லித்தந்த முதல் பாடமே, கருவி சத்தம் போட்டால் முதலில் நோயாளியின் முகத்தைப் பார், பிறகு கருவியைப் பார் என்பதுதான். ஆக்சிஜன் அளவு குறைந்து மானிட்டர் கத்தினால் என் கண் முதலில் படுக்கைக்குத்தான் போகும். என் வீட்டில் நான் கருவிக்கு மட்டும் வைத்தியம் பார்த்தேன்.

டாக்டர் இசைக்கவையை அவர் நெற்றி நடுவில் வைத்தார். சத்தம் வலது பக்கம் கேட்கிறது என்றார். இடது உட்காதிலோ நரம்பிலோ குறை என்பதற்கான அடையாளம் அது. கேட்டல் சோதனை, பிறகு எம்ஆர்ஐ. கேள்நரம்பை ஒட்டி ஒரு சின்னக் கட்டி. புற்று இல்லை. மெதுவாக வளர்கிற வகை. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அந்த ஐந்து மாதத்தால் பெரிய மாற்றம் இராது என்றும் டாக்டர் சொன்னார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று தெரியும். ஒரு காது இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று மங்குகிற நோய் ஒன்றுண்டு. அதற்கு ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். அவருக்கு அது வந்திருந்தால், என் சிலிக்கா ஜெல் டப்பா அந்த நாட்களைத் தின்றிருக்கும்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஹெட்ஃபோனை நல்லாத்தான வச்சிருக்கே” என்றார். அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இப்போது ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அமுக்கிவிட்டுக் கேட்கிறார். இரண்டு பக்கத்துப் பாட்டும் ஒன்றாகி வலது காதுக்குப் போய்ச் சேருகிறது. சனிக்கிழமை இரவுகளில் எனக்கு மாட்டிவிட்டு, பொத்தானை எடுத்துவிட்டு, “எடது பக்கம் என்ன கேக்குது?” என்று கேட்பார். நான் சொல்வேன். தபேலா, கொஞ்சம் தள்ளிப் புல்லாங்குழல் என்று.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த ஹெட்ஃபோனானாலும் சரி, ஒரு பக்கம் குறைவாகக் கேட்டால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குறை ஹெட்ஃபோனோடு இடம் மாறினால் கடைக்குப் போங்கள். அதே காதில் நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உங்கள் வீட்டில் யாராவது கொஞ்ச நாளாக இடம் மாற்றி உட்காருகிறார்களா என்றும் கவனியுங்கள்.