பிள்ளைக்கு ஏற்ற வீடு

(ஜமாஅத் வருடாந்திரப் பொதுக்குழுவில், நலப்பணிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மருத்துவச் செலவுக்கு உதவி நாடி வருவோருக்கு நமது பைத்துல்மால் இயன்றவரை வழங்கி வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, மருத்துவமனையிலிருந்து பிள்ளை திரும்பி வரும் வீட்டைப் பற்றி. மூளை முடக்குவாதமும் வலிப்பும் ஒருங்கே உள்ள பிள்ளை, குழாய் வழியே உணவு பெறும் பிள்ளை, ஆக்சிஜன் துணையுடன் மூச்சுவிடும் பிள்ளை ஆகியோருக்கு, வீடே பாதி மருத்துவமனை.

நம் ஊர் வீடுகளின் அமைப்பை நாம் அறிவோம். தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் திண்ணை. அதைக் கடந்தால் நிலைப்படி. முற்றத்திற்கு ஓர் இறக்கம். கொல்லைக் குளியலறைக்கு மீண்டும் ஓர் ஏற்றம். வாப்பா வெளிநாட்டில் இருப்பார். ஆகவே பிள்ளையைத் தூக்குவது உம்மாவும், மூட்டுவலியுள்ள உம்மம்மாவும்தான். மூன்று வயதில் தூக்கிய அதே பிள்ளை எட்டு வயதில் இருபது கிலோ. பிள்ளையின் சிகிச்சை தொடரும்போதே தாயின் இடுப்பு ஒடிந்துவிட்டால் அக்குடும்பத்திற்கு வேறு கை ஏது?

வசதியுள்ளோர் முதலில் செய்வது, கொல்லைப்புறத்தில் குளிர்சாதனத்துடன் ஒரு தனியறை கட்டுவது. அன்பினால்தான் செய்கிறார்கள். ஆயினும் அதை நாம் பரிந்துரைப்பதில்லை. வலிப்பு ஓசையின்றி வரக்கூடும். தொண்டையில் சளி அடைத்தால் அப்பிள்ளையால் கூப்பிட இயலாது. ஆதலால் வீட்டார் எந்நேரமும் நடமாடும் கூடத்திலேயே, சமையற்கட்டிலிருந்து பார்வை எட்டும் இடத்தில் கட்டில் அமைவதே நலம். உடை மாற்றும் வேளைக்கு ஒரு திரை போதும். கட்டிலின் உயரம் தாயின் இடுப்பளவு இருந்தால், குனிந்து குனிந்து அவர் முதுகு வலிக்காது.

அடுத்து, படிகள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம், ஓர் அங்குல உயரத்திற்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஆறு அங்குல நிலைப்படிக்கு ஆறு அடி. பதினெட்டு அங்குலத் திண்ணைக்குப் பதினெட்டு அடி. கொத்தனார் இடமில்லை என்று ஐந்தடியில் முடித்துவிடுவார். அதில் ஏற்றுவதும் கடினம், இறக்குவது அபாயம். முன்புறம் இடமில்லையெனில் பக்கச் சந்து வழியாகத் திருப்பிக் கட்டலாம். வாசல்களில் மூன்றடி அகலம் தடையின்றிக் கிடைக்க வேண்டும். குளியலறைக் கதவு உள்நோக்கித் திறப்பதை மாற்றி வெளிநோக்கித் திறக்கச் செய்வதற்கு அதிகம் செலவாகாது. உள்ளே யாரேனும் விழுந்து கிடந்தால்தான் அதன் அருமை தெரியும். வழுவழுப்பான ஓடுகளை, அழகாக இருப்பினும், தவிர்க்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஐந்து லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டி சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுடன் கூடிய வீட்டு இன்வெர்ட்டர், புதிதாயிருக்கும்போதே, அதை மூன்று நான்கு மணி நேரத்திற்கு மேல் தாங்காது. மின்விசிறிகளும் அதிலேயே ஓடினால் இன்னும் குறையும். பராமரிப்புப் பணிக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில் அவ்வீட்டின் நிலை என்ன? ஆகவே செறிவூட்டிக்குத் தனி இன்வெர்ட்டரும், நிரப்பிய சிறு சிலிண்டர் ஒன்றும் அவசியம். சளி உறிஞ்சும் கருவியில், மின்சாரமின்றிக் காலால் மிதித்து இயக்கும் வகையும் உண்டு; அதையும் ஒன்று வைத்திருத்தல் நன்று.

இன்னொன்று, குறிப்பாகத் தாய்மார்களுக்கு. வெள்ளி மாலை சாம்பிராணி போடுவது நம் இல்லங்களின் வழக்கம். ஆக்சிஜன் ஓடும் அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் கூடாது. ஆக்சிஜன் தானே எரிவதில்லை. எரிவதைப் பன்மடங்கு மூட்டிவிடும். புகையோ நுரையீரல் தளர்ந்த பிள்ளைக்கு ஆகவே ஆகாது. பார்க்க வரும் உறவினரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

குடும்பத்தார் சஹனைச் சுற்றி அமரும்போது பிள்ளை மட்டும் கட்டிலில் கிடப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். சூரத்துந் நூரின் 61ஆம் வசனம், பார்வையற்றவரையும் கால் ஊனமுற்றவரையும் நோயாளியையும் குறிப்பிட்டு, வீடுகளில் உண்பதைப் பற்றியே பேசுகிறது. முதுகும் இரு தோள்களும் சாயும்படி மூலைபோல் அமைந்த தாழ்வான இருக்கையை நம் ஊர்த் தச்சரே செய்து தருவார். அளவை மட்டும் இயன்முறை மருத்துவரிடம் பெற வேண்டும். குழாய் உணவு பெறும் பிள்ளையும் அதில் அமர்ந்து சபையில் சேரலாம். உண்ட பின் அரை மணி நேரமேனும் நிமிர்ந்திருப்பது, உணவு மேலேறிப் புரையேறாமல் காக்கும்.

அரசு வழிகளும் உள. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த நிராமயா காப்பீடு, மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் ஆலோசனை பெறலாம். விண்ணப்பம் நிரப்ப நமது அலுவலகம் உதவும்.

இனி எமது வேண்டுகோள். கந்தூரிக்கும் கலியாணத்திற்கும் இரவல் தர, ஜமாஅத் கிடங்கில் தேக்சாக்களும் சஹன்களும் அடுக்கியுள்ளோம். அவற்றுடன் ஒரு செறிவூட்டி, ஒரு காலியக்கக் கருவி, இரண்டு சக்கர நாற்காலிகள், ஓர் இன்வெர்ட்டர் ஆகியவை இருத்தல் ஆகாதா? ஜகாத் பணத்தை உரியவரின் கையில் உரிமையாக்கிவிட வேண்டும் என்பதால், இரவல் பொருட்களை அதில் வாங்க இயலாது. அவற்றைப் பொது சதக்காவிலிருந்து வாங்க வேண்டும். சாய்தளத்திற்கும் குளியலறைக்கும் ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பத்திற்கு, தொகையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம். கொத்தனார், மின்பணியாளர், தச்சர் ஆகிய நம் சகோதரர்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலியின்றி வந்தால் செலவு வெகுவாகக் குறையும். பெயர் தர விரும்புவோர் இன்று அஸருக்குப் பின் செயலாளரிடம் பதிந்து கொள்ளலாம்.