எந்தச் செடிக்கு எந்தச் செடி துணை?

(கோலா சுங்கை பாரு வட்டாரத் தோட்ட மக்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



கொல்லையில் கத்தரியும் மிளகாயும் நட்டுப் பாராத தோட்டக் குடும்பம் அரிது. ஆயினும், “முதல் தடவை நன்றாகக் காய்த்தது, அடுத்த தடவை செடி பச்சையாக இருக்கும்போதே வாடிச் செத்துவிட்டது” என்ற குறையைப் பலரும் கூறக் கேட்கிறோம். சிலர் மண் கெட்டுவிட்டதென்று நிலத்தைப் புல்லுக்கு விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் மருந்து வாங்கி, பிள்ளைகள் உண்ணும் கீரையின்மீதே தெளிக்கின்றனர். பெரும்பாலும் இதற்குக் காரணம் மண்ணன்று. எந்தச் செடியின் அருகில் எதை நட்டோம், எதற்குப் பின் எதை நட்டோம் என்பதே காரணம். இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

1974ஆம் ஆண்டில், அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கிவைத்து, சும்மா கிடக்கும் நிலத்தில் உணவுப் பயிரிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். பயிரிடுவது எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் அறிந்து பயிரிடுவது.

நமக்கு இது புதிய பாடமன்று. தமிழகத்தில் நம் முன்னோர் நெல்வயல் வரப்பில் உளுந்து விதைத்தனர். சோளத்துடன் துவரையையும் மொச்சையையும் கலந்து பயிரிட்டனர். இங்கே ரப்பர்த் தோட்டங்களில், இளங்கன்று வரிசைகளுக்கிடையே பியுரேரியா, சென்ட்ரோசீமா போன்ற கொடிகளைப் படரவிடுவதைக் கண்டிருப்பீர்கள். அவை மண் அரிப்பைத் தடுக்கின்றன, களையை அடக்குகின்றன. பயறு இனத்தைச் சேர்ந்தவையாதலால், அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன.

நம் கொல்லையிலுள்ள பயற்றங்காயும் அதே வேலையைச் செய்கிறது. அதன் வேர்முடிச்சு ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நன்கு வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். கொடி உயிருடன் இருக்கும்போது பக்கத்துச் செடிக்குக் கிடைக்கும் உரம் சிறிதே. வேரும் இலையும் மட்கிய பின்னரே பெரும்பயன் உண்டு. ஆகவே காய்ப்பு முடிந்ததும் கொடியைப் பிடுங்கி எறியாதீர்கள். அடியில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, அவ்விடத்தில் கீரையோ கத்தரியோ நடுங்கள்.

பயற்றுக்கு மக்காச்சோளம் நல்ல துணை. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயிரிட்டு, அவற்றை மூன்று சகோதரிகள் என்று அழைத்தனர். சோளம் கொழுகொம்பாகிறது, அவரை மண்ணை வளப்படுத்துகிறது, பூசணியின் அகன்ற இலை மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. நம் பயற்றங்கொடி வேகமாகப் படர்வது. எனவே சோளம் முழங்கால் உயரம் வளர்ந்த பின்னரே பயற்று விதையை ஊன்ற வேண்டும்.

இனி, அருகருகே நடத்தகாதவற்றைக் காண்போம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வரும் நோய் மற்றவற்றுக்கும் வரும். இலை மஞ்சளாகாமலே செடி திடீரென்று வாடினால், அடித்தண்டை வெட்டி, அதன் வெட்டுமுனையைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நனையுமாறு பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை நீரில் இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய். அக்கிருமி மண்ணிலே நெடுங்காலம் தங்கும்; நீரோடும் மண்வெட்டியோடும் பரவும். நோயுற்ற செடியை வேர்மண்ணுடன் அகற்றுங்கள், எருக்குழியில் போடாதீர்கள், மண்வெட்டியைக் கழுவுங்கள். அந்தப் பாத்தியில் மீண்டும் இக்குடும்பச் செடிகளை நடாமல், சோளம், பயறு, கீரை என்று மாற்றிப் பயிரிடுங்கள். நிலக்கடலையையும் இந்நோய் தாக்குமாதலால் அதைத் தவிர்ப்பது நலம். சுண்டைக்காயும் இதே குடும்பந்தான். ஆயினும் அது இந்நோயைப் பெரிதும் தாங்கும். அதனாற்றான் சுண்டைச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டும் முறை ஏற்பட்டது.

பாகல், புடலை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவையும் ஒரே குடும்பமே. ஒரே பந்தலில் அனைத்தையும் ஏற்றினால் பழ ஈக்கு விருந்து வைத்தது போலாகும். பிஞ்சுகளைத் தாளுறையிட்டுக் காப்பதும், புழு விழுந்த காயை உடனே பொறுக்கி அழிப்பதும் அவசியம்.

அடுத்தது நிழல். உயரமான செடிகளை வடக்கே நடும்படி குளிர்நாட்டு நூல்கள் கூறும். அது நமக்குப் பொருந்தாது. மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. ஆண்டின் நடுவில் சூரியன் நமக்கு வடபுறமும், ஆண்டின் இறுதியில் தென்புறமும் நிற்கிறது. ஆகவே வரிசைகளைக் கிழக்கு மேற்காக அமையுங்கள். ஒரு வரிசையின் நிழல் மற்றொன்றை அதிகம் மறைக்காது. முருங்கையின் மெல்லிய நிழலில் கீரை ஓரளவு வளரும். வாழையின் அடர்ந்த நிழலில் மிளகாய் காய்க்காது.

துலுக்கச் சாமந்தி நட்டால் பூச்சியே வராது என்பர். அது முழு உண்மையன்று. கத்தரி, வெண்டி, தக்காளி ஆகியவற்றின் வேரை வீங்கச் செய்யும் நூற்புழுவை அச்செடியின் வேர்ச்சாறு குறைக்கும். ஆனால் ஓரத்தில் இரண்டு செடி வைத்தால் போதாது. பாத்தி முழுவதும் நெருக்கமாக வளர்த்து, பூத்தபின் மண்ணோடு மண்ணாக மடக்கிவிட வேண்டும்.

தாய்மார்களே! கொல்லையை நான்கு பாத்திகளாகப் பிரியுங்கள். ஒன்றில் சோளமும் பயறும், ஒன்றில் கத்தரிக் குடும்பம், ஒன்றில் கொடிவகை, மற்றொன்றில் கீரையும் வெண்டியும். கத்தரிக் கன்றுகள் பரவுமுன் அவற்றின் இடைவெளியிலும் கீரை விதைக்கலாம். ஒரு மாதத்திற்குள் பறித்துவிடலாம். ஒவ்வொரு பருவத்திலும் பாத்திகளை மாற்றுங்கள். எங்கே எதை நட்டீர்கள் என்பதைப் பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு வீட்டில் இருந்தால், வாடிய கத்தரியின் இடத்தில் மறுபடியும் கத்தரியை நட்டு ஏமாற வேண்டியிராது. கீரைக்கு மருந்து தெளிக்கும் தேவையும் குறையும்.